எல்லாரையும் இரட்சிக்கச் சித்தமென்றால்: கால்வின் வழியா, ஆர்மீனியஸ் வழியா?

எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பது தேவனுடைய சித்தம் என்கிறது 1 தீமோத்தேயு 2:4. அப்படியானால் பலர் ஏன் இரட்சிப்பை அடைவதில்லை? வேதபாடத்தில் இந்தக் கேள்வி எழுந்ததும் பலர் இரண்டு பதில்களுக்கு நடுவே தவிக்கிறார்கள். ஒன்று சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் பதில்: யார் இரட்சிக்கப்படுவார் என்பதை தேவனே முன்னதாகத் தெரிந்துகொண்டார். மற்றது டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் பதில்: தேவன் எல்லாரையும் அழைக்கிறார், மனிதன் அதை மறுக்கலாம். 1610-இல் ஹாலந்தில் ஆர்மீனியஸின் சீடர்கள் ஐந்து கூற்றுகளை முன்வைத்தார்கள். கால்வின் வழியினர் கூடிய டார்ட் சபை மாநாடு (1618–19) அவற்றைத் தள்ளியது.

அந்த வசனம்
கால்வின்: ராஜாக்கள் உட்பட எல்லா வகை மனிதரும்.
ஆர்மீனியஸ்: ஒருவர் விடாமல் எல்லாரும்.

இதில் எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. துன்மார்க்கனுடைய மரணத்தை விரும்பவில்லை என்று எசேக்கியேல் 33:11-இல் கர்த்தர் தம் ஜீவன்மேல் ஆணையிடுகிறார். அந்த ஆணையைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

சிலுவை
டார்ட்: பலி உலகம் முழுமைக்கும் போதுமானது, மீட்பின் பலன் தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டோருக்கே.
ஆர்மீனியஸ்: எல்லாருக்காகவும் மரித்தார், பலன் விசுவாசிப்போருக்கே.

கிருபை
டார்ட்: தேவன் தொட்டால் இருதயம் நிச்சயம் திரும்பும்.
ஆர்மீனியஸ்: மனிதன் மறுக்கலாம். ஆனாலும் முதல் அடி தேவனுடையதே. இதை மனித முயற்சியால் வரும் இரட்சிப்பு என்று சொல்வது அநியாயம்.

ஊழியம்
இதில் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தின் பிரசங்கிகளான வெஸ்லியும் (ஆர்மீனியஸ் வழி) ஒயிட்ஃபீல்டும் (கால்வின் வழி) இந்தக் கோட்பாட்டில் முரண்பட்டவர்கள், ஆனாலும் இருவருமே திறந்தவெளியில் பிரசங்கித்தார்கள். 1793-இல் வங்காளம் வந்த மிஷனரி வில்லியம் கேரி கால்வின் வழியினர்.

"விசுவாசத்திலிருந்து விழுந்துவிடுவேனோ" என்று பயப்படுகிறவருக்கு, தேவன் தெரிந்துகொண்டவரைக் கடைசிவரை காப்பார் என்னும் கால்வின் வழி அதிக ஆறுதல் தரும். "தேவன் என்னை விரும்புகிறாரா" என்று அழுகிறவரிடம், தயங்காமல் ஆர்மீனியஸ் வழியில் பேசுங்கள்.