ஆறு வருடம் பழகிய மானிட்டர், ரிப்பேர் முடிந்து வந்த பிறகு

எங்கள் ஐசியூவின் நான்காம் படுக்கையில், நோயாளியின் இதயத் துடிப்பையும் பிரஷரையும் காட்டி, ஏதாவது மாறினால் அலாரம் அடிக்கும் மானிட்டர் போன வாரம்தான் மெயின் போர்டு மாற்றித் திரும்பி வந்தது. அதே மாடலை அவர்கள் பிரிவுக்கு வாங்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஆறு வருடம் அதன் பக்கத்தில் நின்ற நர்ஸாகச் சொல்கிறேன்.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரஷர் பார்க்கும் கஃப் பட்டை கட்டிய கையிலேயே, விரலில் மாட்டும் ப்ரோப்பும் இருந்தால், கஃப் இறுகும்போதெல்லாம் ரத்த ஓட்டம் தடைபட்டு, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) விழுந்ததாகப் பொய் அலாரம் அடிக்கும். இந்த மானிட்டரில் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் அந்த அலாரத்தை அடக்கி வைக்கலாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்க்கும் இரவில்தான் அதன் அருமை தெரியும். சைலன்ஸ் அழுத்தினாலும் இரண்டே நிமிடத்தில் சத்தம் தானாகத் திரும்பிவிடும்.

ஆனால் இதயத் துடிப்பைப் பார்க்க நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி லீட் (வயர்) கழன்றால்? நீல நிறத்தில் ஒரு வரி, எப்போதாவது ஒரு மெல்லிய 'டிங்', அவ்வளவுதான். இதயத் துடிப்பு 121 ஆனால் ஊரைக் கூட்டும் மானிட்டர், இதயம் எப்படித் துடிக்கிறது என்பதே தனக்குத் தெரியாத நேரத்தில் முணுமுணுக்கிறது. வாங்கிய புதிதிலேயே, கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல்காரரிடம் கெஞ்சி, பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், அந்த அலாரத்தை உயர் நிலைக்கு மாற்ற வைத்தோம். ரிப்பேரில் எல்லாம் டிஃபால்ட்டுக்கு, கம்பெனி வைத்த பழைய அமைப்புக்கே போய்விட்டது. யாரும் சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை.

முதல் இரவே வியர்வையில் எலக்ட்ரோடு (லீடின் ஒட்டும் பட்டை) கழன்றது. நான் அடுத்த படுக்கையில் சக்ஷன் வைத்துச் சளி எடுத்துக்கொண்டிருந்தேன். ப்ரோப் வழியாக நாடித்துடிப்பு வந்துகொண்டிருந்ததால் வேறு அலாரமும் அடிக்கவில்லை. அலாரம் பதிவைத் திறந்து பார்த்தேன்: 11 நிமிடம் லீட் கழன்றே கிடந்திருக்கிறது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் அடங்க நேரமானது.

கம்பெனிக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. லீட் அடிக்கடி கழலும், ஒவ்வொரு தடவையும் அலறினால் எங்கள் காது மரத்துவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயிண்ட் கமிஷன் 2013-இல் எச்சரித்ததும் இதைத்தான்: 85 முதல் 99 சதவீத அலாரங்களுக்கு மருத்துவ ரீதியாக எதுவும் செய்ய வேண்டியிருப்பதில்லை. அதே எச்சரிக்கையில், மூன்றரை வருடத்தில் தங்களுக்கு வந்த அலாரம் தொடர்பான 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்ததாகவும் சொல்லியிருந்தார்கள். சத்தம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. சரி, அப்படியென்றால் எங்களுக்கு ஏற்றபடி மாற்றிவைத்ததையாவது அழிக்காமல் இருக்க வேண்டாமா?

இப்போது ஷிஃப்ட் மாறும்போது, எந்த அளவில் அலாரம் அடிக்க வேண்டும் என்று வைக்கும் லிமிட் பக்கத்தைத் திறந்து இரண்டு பேராகப் பார்க்கிறோம். முந்தைய நோயாளிக்குத் தாழ்த்திவைத்த சாச்சுரேஷன் லிமிட் புதியவருக்கும் அப்படியே நின்றுவிடக் கூடாது. எலக்ட்ரோடைத் தினமும் தோலைத் துடைத்துப் புதிதாக ஒட்டுகிறோம். பொய் அலாரம் கண்கூடாகக் குறைந்திருக்கிறது.

நல்ல மானிட்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வாரம் என்னைக் கேட்டால், வாங்காதே என்றுதான் சொல்வேன். ஏற்கனவே வாங்கிவிட்டால், நோயாளிக்கு மாட்டும் முன் ஒரு லீடைக் கழற்றிவிட்டு வாசல் வரை நடந்து போ. அங்கே சத்தம் கேட்கிறதா என்று பார்.