ஜப்பானிய மூலிகை மருந்து எண் 23, 24, 25: ஹார்மோன் இழப்புக்குப் பின் வரும் பதற்றத்துக்கு எது?

இரண்டு சினைப்பைகளையும் அறுவை செய்து எடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சில நாட்களிலேயே சரிந்துவிடும். உடம்பு சூடேறும், வியர்க்கும் என்பதை எல்லாரும் சொல்வார்கள். காரணமே இல்லாமல் வரும் பதற்றத்தைப் பற்றி முன்கூட்டிச் சொல்பவர்கள் குறைவு. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே சினைப்பைகளை இழந்த பெண்களை அமெரிக்காவின் மாயோ கிளினிக் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பிற்காலத்தில் அவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தன.

உள்ளே நடப்பது இரண்டு. இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள், மூளையில் பரபரப்பைத் தணிக்கும் காபா ஏற்பிகள் வழியாக நம்மை அமைதிப்படுத்தும், அது குறைகிறது. இன்னொன்று, மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அவை அடங்கியிருக்கும். அது போனபின் சிறு சீண்டலுக்கும் அழற்சிப் பொருட்களைக் கக்கத் தொடங்கும். இதெல்லாம் பெரும்பாலும் சினைப்பை நீக்கிய எலிகளிடம் பார்த்தது என்பதை மறக்க வேண்டாம்.

ஜப்பானில் இதற்கு மூலிகையைத் தேடி நாட்டு மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கம்போ எனப்படும் மரபு மருந்துகளை மகப்பேறு மருத்துவரே எழுதித் தருவார், அரசுக் காப்பீடும் உண்டு. பெண்களுக்கென்று மூன்று முக்கியக் கலவைகள். சுமுரா நிறுவனத்தின் பொட்டலங்களில் 23, 24, 25 என்று எண் போட்டிருக்கும். பதற்றம் என்று போய் நின்றால் பெரும்பாலும் கையில் வருவது 24, அதாவது காமிஷோயோசான்.

இதில் பத்துச் சரக்குகள். சுக்கு, புதினா, அதிமதுரம் மாதிரி நமக்குத் தெரிந்தவையும் உண்டு. எரிச்சல், தூக்கமின்மை, இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாறும் தொந்தரவுகள் உள்ளவருக்குத் தருவது வழக்கம். 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளிடம் இதன் பதற்றம் குறைக்கும் தன்மையைக் காட்டினார்கள். அலோபிரெக்னனோலோன் உருவாவதைத் தடுக்கும் ஃபினாஸ்டெரைடைக் கொடுத்தபோது அந்தப் பலன் மங்கியது. அழகான தடயம்தான். ஆனால் 2020இல் வெளியான, போலி மருந்தோடு (மருந்துச் சத்தே இல்லாத, ஒப்பீட்டுக்காகத் தருவது) ஒப்பிட்ட ஜப்பானிய ஆய்வில் இரண்டு குழுப் பெண்களுக்குமே தொந்தரவு குறைந்தது. மருந்து தெளிவாக முந்தவில்லை.

25, கெய்ஷிபுகுர்யோகான். பட்டை, பீச் கொட்டைப் பருப்பு உள்பட ஐந்தே சரக்குகள். ஓரளவு திடமான உடம்பு, சிவக்கும் முகம், ஆனால் குளிர்ந்த பாதம்: இப்படிப்பட்டவருக்கு. (நம்மூர் சித்த மருத்துவர் உடல்வாகு பார்ப்பது நினைவுக்கு வரும்.) சூடேறும் தொந்தரவுள்ள பெண்களுக்கு இதைக் கொடுத்தபோது ரத்தத்தில் சில அழற்சிப் பொருட்கள் குறைந்தன. இதை வைத்து ‘மூளை எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று விற்பது அதிகப்பிரசங்கித்தனம். அளந்தது ரத்தத்தை, மூளையை அல்ல. அதோடு மைக்ரோகிளியாவைத் தூண்டுவதல்ல, அடக்குவதுதான் இங்கே வேண்டியது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 178 பெண்களிடம் சோதித்தபோது, உடம்பு சூடேறுவதைக்கூட இது போலி மருந்தைவிட அதிகமாகக் குறைக்கவில்லை. சிலருக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

23, தோகிஷாகுயாகுசான். மெலிந்து, குளிர் தாங்காமல், கால் வீங்குபவருக்கானது. பதற்றமே முதல் புகார் என்றால் இது அவ்வளவாகப் பொருந்தாது.

சரி, பதற்றத்துக்கு 24தானே என்று தோன்றும். சிக்கலும் அங்கேதான். மூன்றில் அதிமதுரமும் கார்டினியா என்ற செடியின் காயும் சேர்ந்திருப்பது அதில் மட்டுமே. அதிமதுரம் ரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். கார்டினியாவை ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்தவர்களில் சிலருக்குப் பெருங்குடலிலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்லும் சிரைகள் சுண்ணாம்பு படிந்து இறுகியதால், ஜப்பானில் மருந்துத் தாளிலேயே எச்சரிக்கை போடுகிறார்கள். மனதுக்குப் பொருத்தமானது எதுவோ, அதுவே பல வருடம் ஓட்ட முடியாததாகவும் இருக்கிறது.

இழந்த ஹார்மோனையே திருப்பித் தருவது நான்காவது வழி. 2002இல் அமெரிக்காவின் பெரிய ஹார்மோன் ஆய்வு பாதியில் நின்றதிலிருந்து இதன் மேல் ஒரு பயம். ஆனால் அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. நாற்பதில் சினைப்பையை இழந்தவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தடையில்லை என்றால் ஏறக்குறைய ஐம்பது வயதுவரை ஈஸ்ட்ரோஜன் எடுக்கச் சொல்வதே இன்றைய வழிகாட்டுதல். எலும்புக்கும் இதயத்துக்கும் அது தேவை. மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பட்டையில் ரத்தக்கட்டு அபாயம் குறைவு. கருப்பை இருந்தால் புரோஜெஸ்டோஜனும் (புரோஜெஸ்டிரோன் வகை மருந்து) சேர வேண்டும். இளம் வயது அறுவை என்றால் என் ஓட்டு இதற்குத்தான்; கம்போ அதற்குத் துணையாக வரலாம், மாற்றாக அல்ல.

மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கு ஹார்மோன் பொதுவாகக் கிடையாது. அங்கே மனநல சிகிச்சையோடு, புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிந்து, 24ஐச் சில மாதம் பார்க்கலாம். பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். அப்புறம், கால் பிடிப்புக்கு ஜப்பானில் சகஜமாகத் தரும் 68ஆம் எண்ணில் அதிமதுரம் ஒரு நாளைக்கு 6 கிராம், 24இல் 1.5 கிராம்தான். இரண்டையும் சேர்த்து விழுங்குபவர், அதுவும் ரத்த அழுத்தத்துக்கு நீர்ப்போக்கு மாத்திரை எடுப்பவர், பொட்டாசியத்தைப் பரிசோதிக்காமல் தொடரக் கூடாது.