முக்கால் இஞ்ச் பைப் கிளாம்ப்: நாலு வாங்கினேன், பத்தவில்லை

பலகைகளை ஒட்டும்போது பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் என்னிடம் ஏற்கெனவே 23 இருக்கிறது. ஜி கிளாம்ப், எஃப் கிளாம்ப், ஒரே கையால் இறுக்குகிற துப்பாக்கி மாதிரியானது எல்லாம் சேர்த்து. ஆனால் போன மாதம் ஐந்து தேக்குப் பலகையை ஒட்டி சாப்பாட்டு மேசைக்கு மேல்பலகை செய்ய உட்கார்ந்தால், இரண்டரை அடி அகலத்துக்கு வாய் திறப்பது அதில் மூன்றே மூன்று! மீதி இருபதும் சுவரில் தொங்கியபடி வேடிக்கை பார்த்தன.

சரி என்று பாரிமுனையில் ஒரு டூல்ஸ் கடையில் பெயர் தெரியாத கம்பெனியின் பைப் கிளாம்ப் நாலு செட் வாங்கினேன். பெட்டியில் பைப்பின் ஒரு முனையில் மாட்டித் திருகி இறுக்குகிற தலையும், பைப்பில் நகர்த்தி நிறுத்துகிற வாலும் மட்டும்தான் வரும், பைப்பை நாம் போட்டுக்கொள்ள வேண்டும். இதில் எனக்குப் பிடித்ததே அதுதான், இன்றைக்கு மூன்றடி, நாளைக்குக் கதவு செய்தால் ஆறடி, பைப்பை மட்டும் மாற்றினால் போதும். பெட்டியில் என்பிடி, அதாவது அமெரிக்க அளவு பைப் மரை என்று போட்டிருந்ததால் கொஞ்சம் பயந்தேன். நம்மூர் பைப்பில் வெட்டுவது பிஎஸ்பி என்கிற பிரிட்டிஷ் அளவு மரை. நல்லவேளை, முக்கால் இஞ்சில் இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 புரி, லேசாக ஆடினாலும் ஏறிவிடுகிறது. தண்ணீரா ஓடப்போகிறது, ஒழுகுவதற்கு? பைப் கடைக்காரர் "மோட்டாருக்கா சார்?" என்றார். மேசைக்கு என்றேன், அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

இறுக்கம் பிரமாதம். மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டதில் பலகை வளையவே இல்லை, இணைப்பு நெடுக பெவிக்கால் சின்னச் சின்ன முத்தாக வெளியே வந்தது.

குறை என்றால் வால். ஜிஐ பைப்பின் வழவழப்பில் பிடிக்காமல், பசை தடவி முடித்த நேரம் பார்த்து ஒன்று சர்ரென்று நழுவியது. எமரி தாளால் பைப்பைத் தேய்த்த பிறகு நின்றது, ஆனால் துத்தநாகப் பூச்சு போய் இரும்பு தெரிந்த இடத்தில் ஈரப்பசை பட்டு தேக்கில் கறுப்புக் கறை. இழைத்துத்தான் எடுத்தேன். இப்போது கழுவிக் காயவைத்த பால் கவரை இடையில் வைக்கிறேன், நியூஸ்பேப்பர் வைத்தால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது.

எங்கள் தெரு ஆசாரி அண்ணன் வந்து பார்த்தார். அவர் தரையில் இரண்டு ரீப்பர் கட்டையை அடித்து, நடுவில் பலகைகளை வைத்து, எதிரெதிராக இரண்டு ஆப்பு தட்டி இதே வேலையை முடித்துவிடுவார். "இவ்வளவு எதுக்கு தம்பி?" என்றார். மனைவி சுவரைப் பார்த்து "இன்னும் ரெண்டு படி கட்டினா கொலுவே வெச்சிடலாம்" என்றாள்.

ஐந்துக்கு நாலு மார்க். இன்னும் இரண்டு செட் வாங்க வேண்டும், வீட்டில் கேட்டால் பைப் லைன் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம்.