பழைய தேக்கில் கட்டிய வீடு: 14 ஆண்டு அனுபவம்

காரைக்குடிக்கு அருகே 2011-இல் வீடு கட்டியபோது, நிலை, கதவு, ஜன்னல், மாடி அறையின் ஓட்டுக் கூரைக்கு வேண்டிய உத்தரம், கைமரம் என ஏறத்தாழ எல்லாவற்றையும் இடிபட்ட பழைய வீடுகளின் தேக்கிலேயே செய்தோம். செட்டிநாட்டார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலில் வந்த மரம் அது; சுமார் 100 கன அடி வாங்கினோம். ஆசாரி முதல் சட்டத்தில் இழைப்புளியை ஓட்டியபோது, கறுத்துக் கிடந்த மேல்தோல் சுருள் சுருளாக உதிர்ந்து, உள்ளிருந்து பொன்னிறமும் புதுத் தேக்கின் எண்ணெய் மணமும் எழுந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரிமம். மரம் வளர்ந்த காலத்தில் காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட அந்தக் கரிமம், மரம் எரியும் வரையிலோ மட்கும் வரையிலோ அதற்குள்ளேயே இருக்கும். எங்கள் 100 கன அடித் தேக்கு ஏறத்தாழ 1,800 கிலோ எடை என்று கொண்டால், அதில் அடங்கியிருக்கும் கரிமம் சுமார் 3.3 டன் கரியமில வாயுவுக்குச் சமம். பழைய வீட்டை இடிக்கும்போது விறகாகப் போயிருக்கக்கூடிய மரம், இன்னொரு தலைமுறைக்கு நிலையாகவும் கதவாகவும் நிற்கிறது. அதற்காகப் புதிதாக ஒரு மரமும் வெட்டப்படவில்லை. பழைய மரத்தையே தேடியதற்கு எங்களுக்கு இதுவே முதற்காரணம்.

சிமெண்டின் கதை வேறு. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுடும்போது எரிபொருள் விடும் புகை ஒருபுறமிருக்க, அந்தக் கல்லே சிதைந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது. அடித்தளத்துக்கும் சுவர்களுக்கும் நாங்களும் சிமெண்டைத்தான் நம்பினோம். ஆனால் மாடிக் கூரையிலும் ஜன்னல்களிலும் அதையும் இரும்பையும் தவிர்க்க முடிந்தது.

அன்றாட வாழ்வில் உணரும் பயன் இரவில் தெரிகிறது. கீழே உள்ள கான்கிரீட் அறை பகல் முழுவதும் குடித்த வெயிலை நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். ஓட்டு அறை நண்பகலில் சூடாகத்தான் இருக்கும் என்றாலும், பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். சித்திரையிலும் மின்விசிறி மட்டும் போதுமாக இருக்கிறது. கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் தேக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்தும் என்பதால், மேற்குப் பக்க ஜன்னல் சட்டத்தில் மாலை வெயிலிலும் கை வைக்க முடிகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் வாசல் கதவு உப்பி, நிலையில் இடிக்கும். இரண்டு முறை ஓரத்தை இழைத்தோம். அதைவிடப் பெரிய பாடம் 2016-இல் கிடைத்தது. பழைய மரம் குறைந்துபோனதால், இரண்டு ஜன்னல்களுக்கு மட்டும் ஒரு மரக்கடையில் புதுத் தேக்கு வாங்கியிருந்தோம். ஒருநாள் அதில் ஒரு ஜன்னலின் அடிச்சட்டத்தில் கரையானின் மண் கோடு ஏறியிருந்தது. ஆசாரி உளியின் பிடியால் தட்டிவிட்டு, "இதுல வைரமே இல்லைங்க, முழுக்க வெளிறு" என்றார். மரத்தின் நடுவிலுள்ள கெட்டியான பகுதி வைரம்; அதைச் சுற்றியுள்ள மென்மையான பகுதி வெளிறு. வைரம் பாய்ந்த பழைய சட்டங்களைக் கரையான் தொடவே இல்லை. இளமரத்தின் வெளிறு ஐந்தே ஆண்டில் உளுத்துவிட்டது. அப்படி ஐந்து ஆண்டில் தூக்கி எறியும் மரத்தால் சூழலுக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதே என் கருத்து. இயற்கைக் காட்டை அழித்து வரும் மரத்துக்கும் இது பொருந்தும். அறுக்காத முழுமர ஏற்றுமதியை மியான்மர் (பழைய பர்மா) 2014-இல் தடை செய்தது. ஆகவே, பழைய மரம் கிடைக்காதவர்கள் பட்டா நிலத்தில் வளர்த்த முதிர்ந்த தேக்கையோ வேம்பையோ, எங்கே வெட்டியது என்று விசாரித்து வாங்குவதே நல்லது.

கெட்டுப்போன அந்த இரண்டு ஜன்னல்களையும், எங்கள் கொல்லையில் புயலில் சாய்ந்த வேம்பை அறுத்து ஓராண்டு நிழலில் காயவைத்து மாற்றிக்கொண்டோம். மழை நின்றபின் தை மாதத்தில் வெளிக்கதவுகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறோம். வீடு முழுவதற்கும் இரண்டு நாள் வேலை.