வெட்டும் வாளா, குத்தும் வாளா? ஒற்றைக் கை ஐரோப்பிய வாளில் எதை எடுப்பது

சுவரில் மாட்ட அல்ல, கையில் எடுத்து வெட்டிப் பழக ஒரு இடைக்கால ஐரோப்பிய வாள் வேண்டும் என்றால், பெரும்பாலும் இரண்டு வடிவங்களுக்கு நடுவில்தான் மனசு அலையும். வாள் ஆய்வாளர் ஈவார்ட் ஓக்ஷாட் 1960-இல் வகுத்த பட்டியலில் அவை 12-ஆம் வகை, 15-ஆம் வகை.

12-ஆம் வகை 13-ஆம் நூற்றாண்டுக்குரியது. அலகு அகலமாக, தட்டையாக இருக்கும். பாதிக்கும் மேலான நீளத்துக்கு நடுவில் ஒரு பள்ளம் ஓடும். எதிராளி இரும்பு வளையங்களைக் கோத்த வளையக் கவசம் போட்டிருந்த காலம் அது. வீசி வெட்டுவதுதான் இதன் வேலை. அடுத்த நூற்றாண்டில் தகட்டுக் கவசம் பரவியதும் வெட்டு வழுக்கிப் போனது. அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் உள்ள இடுக்கில் குத்த வேண்டியிருந்தது. 15-ஆம் வகையில் பள்ளம் கிடையாது. நடுவில் முதுகெலும்பு போல ஒரு மேடு, ஊசியாகக் குறுகும் முனை.

எடை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் கையில் எடுத்தால் வேறு வேறு ஆட்கள். குறுகும் வாளின் முனை லேசாக இருப்பதால் நினைத்த இடத்துக்குப் போகும். அகன்ற வாள் வீச்சில் தானாகவே முன்னே இழுக்கும். ஊறவைத்துச் சுருட்டிய பாயை வெட்டிப் பாருங்கள். 12 வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். 15-இல் அலகு கொஞ்சம் சாய்ந்தாலும் அந்த நடு மேடு பாய்க்குள் இறுகி, பாதியில் நின்றுவிடும்.

நகல் செய்கிறவர்கள் அதிகம் கெடுப்பதும் 12-ஐத்தான். அசல் வாளில் பிடிப் பக்கம் ஐந்து மில்லிமீட்டர் போல இருக்கும் தடிமன், முனைக்குப் போகப் போக பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இளைக்கும். நான் முதலில் வாங்கிய வாளில் முனைவரை ஒரே தடிமன். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலித்தது, இரும்புப் பட்டையை வீசுவது போல. எனவே விற்பவரிடம் எடையை மட்டும் கேட்காதீர்கள். முனைக்கு அருகே தடிமன் என்ன என்றும் கேளுங்கள்.

அப்புறம் காம்பு. பிடிக்குள் போகும் காம்பின் நுனியை, பிடியின் கடைசியில் உள்ள குமிழுக்கு வெளியே அடித்துப் பரப்பியிருந்தால் அது பழைய முறை; எனக்கு அதுதான் பிடிக்கும். நட்டுப் போட்டு முடுக்கியதும் மோசமில்லை, ஆடினால் நாமே இறுக்கலாம். காம்புக்குப் பதிலாக மெல்லிய கம்பியைப் பற்றவைத்தது மட்டும் வேண்டவே வேண்டாம். வீச்சில் அலகு பிய்த்துக்கொண்டு பறக்கும்.

பிடி சின்னதாகத் தெரிகிறதே என்று பலர் தயங்குகிறார்கள். சுத்தியலைப் போல இறுக்கிப் பிடித்தால் குமிழ் மணிக்கட்டில் இடிக்கத்தான் செய்யும். விரல்களைத் தளர்த்தி, கை குலுக்குவது போலச் சாய்த்துப் பிடித்தால் சரியாகிவிடும்.

முதல் வாள் என்றால் நான் 12-ஐத்தான் சொல்வேன், ஒழுங்காக இளைத்திருந்தால். வெட்டு பழகிய பிறகு 15-ஐ எடுத்தால் அதன் முனையின் அருமை புரியும். இரண்டும் கார்பன் எஃகு. வெட்டி முடித்ததும் ஈரத்தைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் லேசாகத் தடவாவிட்டால் மறுநாளே விரல்ரேகை துருவாகத் தெரியும்.