18,500 ரூபாய்க்கு நரை போகேல்லை, கண்தான் வீங்கினது

இண்டைக்குக் காலமைதான் கண் முழுசாத் திறந்தது. திறந்த கையோட போனை எடுத்து இதை எழுதுறன். ஆறப் போட்டால் எழுத மாட்டன். "சரி விடு, போனது போகட்டும்" எண்டு இவர் ரண்டு தரம் சொன்னால் நானும் விட்டிடுவன். விடக் கூடாது. பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா. நான் வீட்டில தையல் மெசின் மிதிச்சுச் சீவிக்கிறவள். லைனிங் வைச்ச பிளவுசுக்கு 800 ரூபா எடுக்கிறன். கணக்குப் பாருங்கோ, 23 பிளவுஸ். 23 பேருக்குக் கை வெட்டி, கொக்கி தைச்சு, "அக்கா கொஞ்சம் இறுக்கம்" எண்டு திருப்பிக் கொண்டு வந்ததைப் பிரிச்சுத் தைச்ச காசு.

எதுக்குக் குடுத்தனான் எண்டு சொல்ல வெக்கமாக் கிடக்கு. நரைக்கு.

எனக்கு 46 வயசு. முதல் நரை 2009இல, யுத்தத்தால இடம்பெயர்ந்த எங்களை வைச்சிருந்த செட்டிகுளம் மனிக் பாம் முகாமில வந்தது. தண்ணி பவுசருக்கு வரிசையில நிண்டிட்டு வந்து, கூடாரத்துக்குள்ள இருந்து தலை இழுக்கேக்க அம்மா ஒண்டைப் பிடுங்கி என்ர உள்ளங்கையில வைச்சா. "பார், வெள்ளி" எண்டா. அப்ப எனக்கு 30. அந்த நேரம் அது ஒரு விசயமே இல்லை. தலை மிஞ்சினதே பெரிய விசயம். பிறகு இவ்வளவு வருசமும் அது தன்ர பாட்டுக்கு வந்துது, நான் என்ர பாட்டுக்கு இருந்தன்.

மகளின்ர சாமத்திய வீடு அடுத்த மாசம். மண்டப வாசலில வைக்கிற பனருக்குக் குடும்பமாப் படம் எடுக்கக் கிளிநொச்சியில ஒரு ஸ்டூடியோவுக்குப் போனம். அங்க இருந்த தம்பி ஒரு வார்த்தை கேக்காமல் கொம்பியூட்டரில என்ர தலையைக் கறுப்பாக்கிப் போட்டுக் காட்டினார். எனக்குக் கோவம் வந்திருக்க வேணும். வரேல்லை. படத்தில நிண்ட மனுசியை எனக்குப் பிடிச்சுப் போட்டுது. வீட்டை வாற வழியெல்லாம் பஸ்சில ஒரே யோசினை. வாசலில பனரில கறுப்புத் தலையோட நிண்டுகொண்டு, உள்ள வெள்ளைத் தலையோட ஆக்களைக் கும்பிட்டு வரவேற்கிறதோ?

ஆளாளுக்கு ஒரு கதை. அம்மா, "நரைச்ச தலைக்கு ஒரு மதிப்பிருக்கு பிள்ளை, அதில கை வைக்காத" எண்டா. கனடாவில இருக்கிற மச்சாள் வைபரில, "ஐயோ மச்சாள், வீடியோவில எல்லாம் அப்பிடியே விழும், டை அடியுங்கோ" எண்டா. இவர் "உனக்கு வடிவாத்தான் கிடக்கு" எண்டார். ஆனால் அவர் சலூனில மீசைக்கு மட்டும் டை அடிக்கிற ஆள், அதால அவரின்ர கருத்தை நான் கணக்கெடுக்கேல்லை. பக்கத்து வீட்டு மாமி மருதோண்டி அரைச்சு வைக்கிறவ. அவவின்ர தலை செவ்விளநி நிறம். மருதோண்டி தனிய வைச்சால் சிவப்புத்தான் ஏறும், கறுக்காது. கறுக்க வேணுமெண்டால் அவுரியும் சேர்க்க வேணும். இது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சிருந்தும் ஏமாந்தனான், அதுதான் கூடப் பத்துது.

முகப்புத்தகத்தில நேரலை போட்டுச் சாமான் விக்கிற பக்கங்கள் இருக்குத்தானே, அதில ஒண்டு. பேர் சொல்லேல்லை, சொன்னால் நாளைக்கு வேற பேரில வருவாங்கள். ஒரு பிள்ளை நரைச்ச தலையில நுரை தேய்க்குது, கழுவுது, கறுப்பு. "டை இல்லை, அமோனியா இல்லை, நூறு வீதம் மருதோண்டி, 90 நாளில வேரிலயிருந்து கறுப்பா முளைக்கும்." நான் உள்பெட்டியில ஒரேயொரு கேள்விதான் கேட்டன்: "தங்கச்சி, உண்மையா இது டை இல்லையோ?"

எழுத்தில பதில் வரேல்லை. குரல் பதிவு வந்துது. அந்தக் குரலை இப்பவும் வைச்சிருக்கிறன். "அக்கா, நான் உடையார்கட்டு. நாங்களும் மாத்தளனால வந்த ஆக்கள்தான். எங்கட சனத்துக்குப் பொய் சொல்லி எனக்கென்ன அக்கா வரப் போகுது? என்ர அம்மாவுக்கும் இதைத்தான் வைச்சு விடுறனான்." பின்னால ஒரு சேவல் கூவிச்சுது. நான் தருமபுரம். உடையார்கட்டு எண்டால் அதே ஏ35 ரோட்டில புதுக்குடியிருப்புப் பக்கம் போற வழி. அந்தப் பேச்சு எங்கட பேச்சு. கடைசி யுத்தத்தில எங்கட சனம் அகப்பட்டுக் கிடந்த இடம் மாத்தளன், அந்தச் சொல்லை ஒருத்தி சும்மா வாயில எடுப்பாளோ எண்டு நினைச்சன். மூண்டு தரம் போட்டுக் கேட்டன். அந்தச் சேவல்தான் என்னை விழுத்தினது. 8,500 ரூபாய்க்கு ஓடர் போட்டன்.

பார்சல் கொழும்புப் பக்கத்திலயிருந்து வந்துது. கிளிநொச்சியில கடை எண்டு போட்டிருந்தவைதானே எண்டு யோசிச்சன், யோசிச்சுக்கொண்டே கூரியர் தம்பியிட்டக் காசைக் குடுத்தன். உள்ள ரண்டு பெரிய போத்தல், ஒரு சின்ன எண்ணெய், மெல்லிய பிளாஸ்டிக் கையுறை ஒரு கட்டு. போத்தல் மூடியை அமத்த ரண்டு துவாரத்தால ரண்டு நிறத்தில வந்துது: ஒரு பக்கம் பால் மாதிரி வெள்ளை, மற்றப் பக்கம் மண்ணிறம். கையில கலந்து தேய்க்கத் தேய்க்க என்ர கண்ணுக்கு முன்னாலயே கறுத்துக்கொண்டு வந்துது. மகள் பக்கத்தில நிண்டவள், "அம்மா, மூலிகை எண்டால் ஏன் கையுறை?" எண்டு கேட்டாள். 13 வயசுப் பிள்ளை கேட்ட கேள்வி. நான் "நீ போய்ப் படி" எண்டன்.

இருவது நிமிசத்தில கழுவினன். கறுப்பு. நல்ல கறுப்பு. பொய் சொல்ல மாட்டன், அண்டைக்குப் பின்னேரம் ஒரு அலுவலும் இல்லாமல் கடைக்குப் போய் வந்தனான்.

மூண்டு கிழமை போகேக்க வகிட்டில வெள்ளைக் கோடு. வேரிலயிருந்து கறுப்பா முளைக்கும் எண்டவை, வேரிலதான் வெள்ளையா வருது. கேட்டன். "அக்கா, உங்களுக்கு வேர் பலவீனம். பூஸ்டர் கோர்ஸ் எடுத்தால்தான் பிடிக்கும். 10,000. இந்தமுறை ஸ்டொக் குறைவு, முதல் காசு போட்டால்தான் எடுத்து வைக்கலாம்." வங்கி இலக்கம் அனுப்பினா. ஆம்பிளைப் பேர். "அண்ணான்ர கணக்கு அக்கா" எண்டா. டவுனுக்குப் போய்க் காசு போடுற மெசினில சீட்டுக்காசு 10,000ஐத் தாள் தாளாப் போட்டன். 8,500உம் 10,000உம். 18,500.

பூஸ்டர் வரும்வரைக்கும் இருக்கிற போத்தலைத் திரும்ப வையுங்கோ எண்டா. வைச்சன். அடுத்த நாள் காதுக்குப் பின்னால கடி. ரண்டாம் நாள் நெத்தியில தடிப்பு, பிடரியில நீர் வடிஞ்சுது. மூண்டாம் நாள் காலமை எழும்பினால் கண்ணிமை ரண்டும் பணியாரம் மாதிரி. இடது கண் துப்பரவாத் திறக்கேல்லை. மகள் கையைப் பிடிச்சுத்தான் கிணத்தடிக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில இருந்த டொக்டர் பிள்ளை பெட்டியைக் கொண்டு வரச் சொல்லி, அடியில இருந்த பொடி எழுத்தை வாசிச்சா. பீபீடி எண்டு சொல்லுற சாமான், பாரா-பீனைலீன்டைஅமீன். கறுப்பு டையில போடுறது. எனக்கு வந்தது அதுக்கான அலர்ஜி. பிறகு ஒரு கேள்வி கேட்டா, எனக்கு மேல் சிலிர்த்துது: "அம்மா, முந்தி எப்பயாவது கலியாண வீட்டில கறுப்பு மருதோண்டி கோன் கீறினனீங்களோ?" கீறினனான். மூண்டு வருசத்துக்கு முதல். அப்பவும் கையில கோலம் வரைஞ்ச மாதிரியே தடிச்சது. அந்தக் கறுப்புக் கோனிலயும் இதே சாமான் இருக்கலாமாம். ஒருக்கா உடம்பு இதைப் பிழையாப் பிடிச்சிட்டால் பிறகு மறக்காது, ஒவ்வொருமுறையும் கூடத்தான் வரும் எண்டா. இன்னொண்டும் சொன்னா: மயிருக்கு நிறம் ஊறுறது தோலுக்குள்ள, வேரில. வெளியில வந்த மயிர் உயிரில்லாத சாமான். அதுக்கு மேலால எதைப் பூசினாலும் அது பூச்சுத்தான், நரையைத் திருப்புற மருந்தில்லை. ஊசி, குளிசை, பூசுறதுக்குக் கிறீம். பிறகு, இனிமேல் டை அடிக்கவே வேண்டாம் எண்டா, பெரும்பாலான கறுப்பு டையில இருக்கிறது இதுதான், இல்லாட்டில் இதின்ர சொந்தக்காரர்.

அதுதான் 18,500ஐ விட எனக்குக் கூட நோகுது. அடிக்கிறதோ, அப்பிடியே விடுறதோ எண்ட முடிவு என்ர கையில இருந்தது. ரண்டு மாசம் கண்ணாடிக்கு முன்னால நிண்டு யோசிச்சது அதைத்தான். சாமத்திய வீட்டுக்கு ஒருக்கா அடிச்சிட்டுப் பிறகு விடலாம் எண்டும் நினைச்சிருந்தன். இப்ப அந்தத் தெரிவையும் பறிச்சுக்கொண்டு போட்டாங்கள்.

வீங்கின கண்ணைப் படம் எடுத்து அனுப்பினன். முதல் பதில்: "அக்கா, பயப்பிடாதேங்கோ, உடம்பில இருக்கிற நச்சு வெளியேறுது, நல்ல அறிகுறி." நல்ல அறிகுறியாம்! நான் திட்டினன். "உங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட, அதால இருக்கும்." உங்கட பக்கமாம். முதல்நாள் அவ உடையார்கட்டு, அண்டைக்குத் தண்ணி எங்கட பக்கம் மட்டும். பூஸ்டர் வரேல்லை, அந்த 10,000ஐயாவது திருப்பித் தாங்கோ எண்டன். "டீமோட கதைச்சுச் சொல்லுறன் மேடம்." அக்கா மேடமாகினதை அந்த ஒரு வரியிலதான் கண்டன். அடுத்த நாள், "எங்கட பொலிசியில ரிட்டர்ன் இல்லை மேடம்." அதுக்கு அடுத்த நாள் அவவின்ர படம் மறைஞ்சு போச்சு. என்னைத் தடுத்தாச்சு.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு இவரோட மோட்டச்சைக்கிளில கரடிப்போக்குச் சந்திக்குப் போனன். பக்கத்தில போட்டிருந்த விலாசம் அங்கதான். அப்பிடி ஒரு கடை இல்லை. சைக்கிள் ஒட்டுற ஐயாவைக் கேட்டன். அவர் பஞ்சரைப் பாத்தபடியே, "இந்த மாசம் நீங்கள் மூண்டாவது ஆள் பிள்ளை" எண்டார். மற்ற ரண்டு பேரையும் தேடிக்கொண்டிருக்கிறன். நீங்கள் இதை வாசிச்சால் எழுதுங்கோ.

என்ன செய்ய வேணும் எண்டு விபரமா எழுத வேணும் எண்டுதான் இருந்தன், கண் திரும்பக் கூசுது. சுருக்கமாச் சொல்லுறன். மூடியால ரண்டு நிறத்தில வந்து, கூடவே கையுறையும் வந்தால் அது டை, வெளியில மூலிகை எண்டு என்ன எழுதியிருந்தாலும். எதையும் தலையில வைக்க முதல் காதுக்குப் பின்னால ஒரு துளி வைச்சு 48 மணித்தியாலம் பாருங்கோ, கடிச்சால் குப்பையில போடுங்கோ. முதல் தரம் ஒண்டும் செய்யேல்லை எண்டு ரண்டாம் தரம் நம்பாதேங்கோ. முந்தி கறுப்புக் கோனுக்குத் தடிச்ச ஆக்கள் கிட்டவும் போகாதேங்கோ. முன்காசு கேட்டால் விடுங்கோ. மெசினில வாற துண்டை உடன படம் எடுங்கோ. என்ர துண்டு தையல் மெசின் லாச்சிக்குள்ள கிடந்து அரைவாசி அழிஞ்சு போச்சு, இலக்கத்தில கடைசி மூண்டும் தெரியேல்லை. நுகர்வோர் அதிகார சபையின்ர இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில குடுக்க வேணும், வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள. நான் நாளைக்குக் குடுக்கிறன். உடைக்காத ரண்டாவது போத்தலை எறியப் போனன், மகள் பறிச்சு அலுமாரிக்கு மேல வைச்சிருக்கிறாள், "அது சாட்சி" எண்டு.

தலை இப்ப வகிட்டில வெள்ளை, கீழ கறுப்பு. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில வளருமாம். என்ர மயிர் இடுப்புக்குக் கிட்ட, அறுபது சென்டிமீட்டராவது வரும். பாத்தால் அஞ்சு வருசம். கட்டையா வெட்டச் சொல்லி மச்சாள் சொல்லுறா. அம்மா வெட்ட விட மாட்டா. பனர் அடிச்சு வந்திட்டுது, அதில நான் கன்னங்கரேலெண்டு சிரிச்சுக்கொண்டு நிக்கிறன்.

இதை எழுதிக்கொண்டிருக்கேக்க மகள் தன்ர போனைக் கொண்டு வந்து காட்டினாள். அதே பக்கம், இப்ப நேரலை. அதே பிள்ளை, அதே நுரை. கீழ முல்லைத்தீவில இருந்து ஒரு அக்கா "இது டையோ தங்கச்சி?" எண்டு கேட்டிருக்கிறா. மகளின்ர போனை இன்னும் அவையள் தடுக்கேல்லை. நில்லுங்கோ, அவவுக்குப் பதில் எழுதிப்போட்டு வாறன்.