வயித்து உள்சவ்வு கேன்சர்: ஆபரேஷனுக்கு முன்னாடி பெட் ஸ்கேனா, லேப்ராஸ்கோப்பியா?

அப்பாவுக்கு பெருங்குடல் கேன்சர், அது பெரிட்டோனியம்ங்கிற வயித்து உள்சவ்வுக்கும் பரவிருச்சு. கட்டியெல்லாம் எடுத்துட்டு வயித்துக்குள்ளயே சூடா கீமோ மருந்து விடுற ஹைபெக் ஆபரேஷன் பண்ணலாமான்னு பேச்சு வந்தப்போ, எந்த டெஸ்ட்டை நம்பி முடிவெடுக்கிறதுன்னு வீட்ல ஒரு வாரம் இதே பேச்சுதான்.

சிடி ஸ்கேன் எல்லாருக்கும் எடுக்கிறதுதான், லிவர், நுரையீரலுக்குப் போயிருக்கான்னு தெரியும். சிஇஏங்கிற ரத்த டெஸ்ட் கேன்சர் அடையாளப் பொருள் ஏறுதா இறங்குதான்னு சொல்லும், எங்க இருக்குன்னு சொல்லாது.

தம்பி பெட் ஸ்கேன்தான்னு நின்னான். உடம்பு முழுக்க பாத்துரும், கத்தி படாது, சரிதான். ஆனா அப்பாவோடது மியூசினஸ் வகை, ஜெல்லி நிறைய, செல் கம்மி, அதனால ஸ்கேனுக்கு முன்னாடி ஊசியில போடுற சர்க்கரை மருந்தை சரியா இழுக்காம படத்துல தெரியாமலே போயிரலாம்.

நான் லேப்ராஸ்கோப்பி பக்கம், அதாவது வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பாக்குறது. காரணம் சிறுகுடல். டாக்டர் பேப்பர்ல வயித்தை 9 கட்டமா பிரிச்சு, சிறுகுடலுக்குத் தனியா 4, ஆக 13 இடம், ஒவ்வொண்ணுக்கும் கட்டியோட அளவை வெச்சு 0ல இருந்து 3, கூட்டினா 39 வரைக்கும் போகும், அதுதான் பிசிஐ ஸ்கோர்னு விளக்குனார். பெருங்குடல் கேன்சர்ல 20 தாண்டுனா பொதுவா இந்த ஆபரேஷனுக்குப் போக மாட்டாங்க. ஸ்கோர் அதுக்குக் கீழ இருந்தாலும் சிறுகுடல் முழுக்க பரவியிருந்தா எல்லாத்தையும் வெட்டி எடுக்க முடியாதே, சாப்பிட்டது உடம்புல ஒட்ட குடல் மிச்சம் வேணும்ல. அந்த இடத்துலதான் அரை சென்டிமீட்டருக்கும் சின்னப் புள்ளிகளை சிடி நிறைய கோட்டை விடுது.

சிடியை வெச்சு போட்ட ஸ்கோர் 7, கேமரா விட்டு பாத்தப்போ 16. வீடியோவை ஓட்டிக் காட்டுனாங்க, குடலைத் திருப்பத் திருப்ப ஓரமெல்லாம் ஊறவெச்ச சவ்வரிசியைத் தூவின மாதிரி. அதுல ரெண்டைப் பிச்சு பயாப்சிக்கும் எடுத்தாங்க. ஸ்கோர் 20க்குக் கீழதான், ஆனா சிறுகுடல் இப்படி இருக்கையில நேரா பெரிய ஆபரேஷனுக்குப் போயிருந்தா வயித்தைத் திறந்து பாத்துட்டு அப்படியே மூடியிருப்பாங்க, அந்தப் புண்ணு ஆறுற வரைக்கும் கீமோவும் தள்ளிப் போயிருக்கும்.

மயக்கம் கொடுக்கணும்ங்கிறது உண்மை. முன்னாடி ஆபரேஷன் ஆகி குடல் ஒட்டிக்கிட்டிருந்தா கேமராவால எல்லா மூலையும் பாக்க முடியாது. துளை போட்ட தடத்துல கேன்சர் முளைக்கவும் வாய்ப்பிருக்கு, அதனால நடுக்கோட்டுலயே துளை போட முடியுமான்னு கேளுங்க, பின்னாடி அந்தத் தழும்பையும் சேத்து எடுத்துரலாம். டிஃப்யூஷன் எம்ஆர்ஐ சின்னப் புள்ளிகளை சிடியை விட நல்லா காட்டும், ஆனா அதைப் படிச்சுப் பழகின ரேடியாலஜிஸ்ட் வேணும். நாங்க எடுக்கல, அனுபவமா சொல்ல முடியல.

இப்போ கீமோ ஓடுது. மூணு மாசம் கழிச்சு திரும்ப கேமரா விட்டுப் பாக்கணும், தேதியை தம்பியே கேட்டு வெச்சிருக்கான்.